மெக்கானிக்கல் சீல் பூட்டப் போகிறீர்களா? பெட்டியைப் பிரிக்க முன்னம் ஷாஃப்டை அளந்து பாருங்கள்

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில், நெல் ஊறவைக்கிற தொட்டிக்குச் சுடுதண்ணீர் ஏற்றுகிற பம்புக்கு நான் ஆறு கிழமைக்குள் மூன்று சீல் மாற்றினேன். சீல் என்பது, சுற்றுகிற ஷாஃப்ட் (அச்சுத் தண்டு) பம்புக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீர் ஒழுகாமல் மறிக்கிற சாமான். முதலாவது இரண்டு கிழமை நின்றது, இரண்டாவதும் ஏறக்குறைய அப்படித்தான், மூன்றாவது பத்து நாளில் ஒழுகத் தொடங்கிவிட்டது. முதலாளி நல்ல மனிசன், ஏசவில்லை. "தம்பி, சீல் சரியில்ல போல, வேற கொம்பனிட சாமான எடுத்துப் பாருங்களன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலாவது சீலுக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டு, அது இரவு பஸ்ஸில் வந்து சேரும்வரை சும்மா இருந்த நேரத்தில் ஒரு டயல் கேஜை (ஊசியால் தொட்டு நுண்ணிய ஆட்டத்தை அளக்கிற கருவி) இரவல் வாங்கி ஷாஃப்டில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். 0.22 மில்லிமீட்டர் ஆட்டம் காட்டியது. ஷாஃப்ட் வளைந்திருந்தது. மூன்று சீலும் நல்ல சீல்தான், நான்தான் அவற்றை வளைந்த ஷாஃப்டில் பூட்டிக் கொன்றிருக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு ஒரு பம்பைத் திறந்தால் புதுச் சீலின் பெட்டியைத் தூரத்தில் வைத்துவிட்டு முதலில் டயல் கேஜைத்தான் எடுப்பேன். இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் சீலைத் தொடுவதற்கு முன் செய்கிற வேலைகளைப் பற்றித்தான் இருக்கும்.

சீல் எப்படித் தண்ணீரை மறிக்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் உரசி நிற்கின்றன. ஒன்று ஷாஃப்டோடு சுற்றும், மற்றது கேசிங்கில், அதாவது பம்பின் வெளிக்கூட்டில், அசையாமல் இருக்கும், அதைத்தான் சீட் என்போம், பின்னால் ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது, அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு மைக்ரோன், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றே எழுபது மைக்ரோன் அளவில் வரும். அந்தப் படலம்தான் முகங்களுக்கு எண்ணெய் மாதிரி, அது இல்லாவிட்டால் முகம் கருகும், அது தடித்தால் ஒழுகும். முகங்களை லேப்பிங் செய்து மட்டமாக்குகிறபோது ஒளிப்பட்டையை எண்ணித்தான் பார்ப்பார்கள், ஒரு பட்டை என்பது 0.3 மைக்ரோனுக்கும் சற்றுக் குறைவு, நல்ல சீலில் இரண்டு மூன்று பட்டைக்குள் இருக்கும். இவ்வளவு நுணுக்கமாகச் செய்த சாமானை அழுக்குக் கையால் எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பூட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. எனக்கு வேலை பழக்கியவர் வாழைச்சேனை காகித ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் காலத்தில் எல்லாம் கிளாண்ட் பேக்கிங், கயிறு மாதிரி சுற்றி வைத்து நட்டை இறுக்குவது. பேக்கிங் சொட்ட வேண்டும், சொட்டாவிட்டால் ஷாஃப்ட் சுடும், அதிகம் சொட்டினால் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் சரி. அந்தக் கைப்பழக்கத்தோடு மெக்கானிக்கல் சீலுக்கு வந்தவர்கள், சீல் ஒழுகினாலும் கிளாண்ட் போல்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள். சீலில் அப்படி இறுக்கினால் சீட்டைப் பிடித்திருக்கிற தகடு வளையும், தகட்டோடு சேர்ந்து சீட்டும் வளையும், மட்டமான முகம் அலை அலையாகிவிடும், ஒழுக்கு இன்னும் கூடும். ஒழுகுகிற சீலை ஸ்பானரால் நிறுத்த முடியாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

சரி, சாமான் எடுப்பதிலிருந்து தொடங்குவோம். ஷாஃப்ட் அளவை வேர்னியரில் அளந்து சொல்லுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். இங்கே பழைய இங்கிலிஸ் பம்புகள் நிறைய ஓடுகின்றன, அவை அங்குல அளவு. ஒன்றேகால் அங்குலம் என்றால் 31.75 மில்லிமீட்டர், அதற்கு 32 மில்லிமீட்டர் சீலை ஏற்றினால் ஏறும், ஏறி ஒழுகும். ஒரு அங்குலம் 25.4, அதற்கு 25 சீலை ஏற்ற முயன்றால் இறப்பர் கிழியும். சீலின் பெட்டியில் ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு இருந்தால் அதையும் வாசிக்கப் பழகுங்கள்: ஐரோப்பியத் தரமான ஈஎன் 12756 படி முதல் எழுத்து சுற்றும் முகம், இரண்டாவது சீட், மூன்றாவது இறப்பர், நாலாவது ஸ்பிரிங், ஐந்தாவது மற்ற உலோகப் பாகங்கள். ஏ (A), பி (B) என்றால் கார்பன், க்யூ (Q) என்றால் சிலிக்கன் காபைட், முகத்துக்கு வி (V) என்றால் செராமிக். இறப்பருக்கு வருகிறபோது பி (P) என்றால் நைட்ரைல், ஈ (E) என்றால் ஈபிடிஎம், வி (V) என்றால் விட்டோன். ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு பொருள் தரும், குழம்பிவிடாதீர்கள்.

எந்தத் தண்ணீருக்கு எது என்பதை எங்கள் ஊர் வேலைகளை வைத்தே சொல்கிறேன். ஆலைத் தொட்டித் தண்ணீரில் உமியும் மண்ணும் வரும், உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது, அது கார்பனை அரம் மாதிரி அராவும். அங்கே இரண்டு முகமும் சிலிக்கன் காபைட் போடுவது நல்லது, விலை கூடத்தான், ஆனால் நிற்கும். ஒரேயொரு குறை, சிலிக்கன் காபைட் இரண்டும் தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, கார்பன் கொஞ்சமாவது மன்னிக்கும். ஆகவே கிணறு வற்றி அடிக்கடி காற்று இழுக்கிற பம்பென்றால் முதலில் அந்தக் காற்றை நிறுத்துகிற வழியைப் பாருங்கள். வாவி ஓரத்து இறால் பண்ணைகளிலும், ஐஸ் ஆலைகளில் கடல் தண்ணீர் எடுக்கிற பம்புகளிலும் முகத்தைவிட ஸ்பிரிங்தான் முதலில் போகும், சாதாரண 304 ஸ்டெயின்லஸ் ஸ்பிரிங் உவர்த் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரித்து முறியும். குறைந்தது 316, முடிந்தால் ஹாஸ்டலோய். சுடுதண்ணீருக்கு ஈபிடிஎம் இறப்பர் நல்லது, ஆனால் எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும், இதைப் பின்னால் இன்னொரு தடவை சொல்வேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள்.

இனி பம்பண்டை போவோம். மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூசைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள், போர்டில் ஆமைப்பூட்டுப் போட இடமிருந்தால் பூட்டித் திறப்பை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். "நான் சொல்லாமல் போடாதே" என்று வாயால் சொன்னது போதாது, மாலைச் சிப்டுக்கு வருகிறவருக்கு நீங்கள் சொன்னது தெரியாது. இரண்டு பக்க வால்வையும் மூடி, கேசிங்கின் வடிகால் அடைப்பைத் திறந்து முழுதாக வடியவிடுங்கள். சுடுதண்ணீர்ப் பம்பென்றால் ஆறும்வரை பொறுங்கள்.

கழற்றுகிறபோது பழைய சீலை வீசிவிடாதீர்கள். அதை ஒரு தடவை கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, ஆறுதலாகப் பாருங்கள், என்ன நடந்தது என்று அதுவே சொல்லும். சீட்டில் உள்ள உரசல் தடம் கார்பனின் அகலத்தைவிட அகலமாக இருந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது, பெயாரிங் போயிருக்கும் அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கும். தடம் முழு வட்டமாக இல்லாமல் எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் மினுங்கினால் சீட் வளைந்திருக்கிறது, யாரோ போல்டை ஒரு பக்கமாக இறுக்கியிருக்கிறார்கள். நடுவிலிருந்து வெளியே ஓடுகிற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் காய்ந்து ஓடியிருக்கிறது. கார்பனின் ஓரம் சிதறியிருந்தால் அதிர்வு, அல்லது முகங்களுக்கு நடுவில் தண்ணீர் கொதித்து ஆவியாகியிருக்கிறது. முகம் புதுசு மாதிரியே இருந்தும் ஒழுகியதென்றால் குற்றம் முகத்தில் இல்லை, இறப்பரைப் பாருங்கள், இல்லாவிட்டால் அது ஷாஃப்டில் உட்காருகிற இடத்தைப் பாருங்கள். நான் அந்த ஆலையில் முதலாவது சீலைக் கழற்றியபோதே இந்த அகலத் தடம் கண் முன்னால் இருந்தது, அப்போது எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அப்புறம் ஷாஃப்ட். இதில் நேரம் எடுங்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை. டயல் கேஜின் காந்தக் காலைக் கேசிங்கில் வைத்து, சீல் உட்காருகிற இடத்துக்குக் கிட்ட ஊசியை வைத்து, ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால், 2900 சுற்றில் ஓடுகிற மோட்டர் ஒரு நாளில் நாற்பது இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஆட்டம் முகத்தை ஒரு தரம் இழுத்து ஒரு தரம் தள்ளும். பிறகு ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், 0.1 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் பெயாரிங்கை மாற்றாமல் சீல் பூட்டி வேலையில்லை. மேலே தூக்கியும் பாருங்கள், தூக்குகிறபோது ஊசி நகர்ந்தால் அதுவும் பெயாரிங்தான். கடைசியாக டயலை ஷாஃப்டில் கட்டி, சீட் உட்காருகிற தகட்டின் முகத்தில் ஊசியை ஓடவிட்டு அது ஷாஃப்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் 0.05 கணக்குத்தான்.

அளவு சரியென்றால் நகத்தால் தடவிப் பாருங்கள். இறப்பர் உட்கார்ந்த இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தால் நகத்துக்குத் தெரியும், பள்ளம் இருந்தால் ஸ்லீவை (ஷாஃப்டின் மேல் போட்டிருக்கிற குழாயை) மாற்றுங்கள், ஸ்லீவ் இல்லாத ஷாஃப்டென்றால் லேத்துக்குப் போக வேண்டும். கறள் லேசாக இருந்தால் மெல்லிய எமரிப் பேப்பரால் வட்டமாகத் துடைக்கலாம், நீளவாட்டில் தேய்க்காதீர்கள், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் வரும். சாவிப் பள்ளத்தின் ஓரமும் ஷாஃப்டின் படி ஓரமும் கத்தி மாதிரி இருக்கும், புது இறப்பர் கிழிவது அங்கேதான். ஓரத்தைச் சரிவாக அராவி, ஏற்றுகிறபோது சாவிப் பள்ளத்தின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு ஏற்றுங்கள். அராவிய தூள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைக்க வேண்டும்.

இப்போதுதான் பெட்டி. அதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மேசையில் பழைய பத்திரிகை விரிக்காதீர்கள், தூசில்லாத சுத்தத் துணி விரியுங்கள். கொட்டன் வேஸ்ட் கிட்டவே வேண்டாம், அதன் நூல் ஒன்று முகத்தில் ஒட்டினால் போதும். முகத்தை விரலால் தொடாதீர்கள். தவறித் தொட்டுவிட்டால் பார்மசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நூல் விடாத துணியில் நனைத்துத் துடைத்து உலரவிடுங்கள். ஏதாவது ஒரு முகத்தை நிலத்தில் விழுத்திவிட்டால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அதைப் பூட்டாதீர்கள்.

முதலில் சீட். அது உட்காருகிற குழியைக் கழுவித் துடைத்து, பழைய கோதும் கறளும் இல்லாமல் பாருங்கள். சீட்டின் இறப்பருக்கு சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் கலந்தால் போதும். ஈபிடிஎம் என்று தெரிந்தால், அல்லது என்ன இறப்பர் என்றே தெரியாவிட்டால், கிரீசும் எஞ்சின் ஒயிலும் தொடவே கூடாது, இரண்டொரு நாளில் இறப்பர் ஊதி, சீட்டைத் தள்ளி நிமிர்த்திவிடும். பெட்டியோடு வருகிற வட்ட மட்டையை முகத்தின் மேல் வைத்து இரண்டு பெருவிரலாலும் ஒரே அளவாக அழுத்துங்கள், ஏறாவிட்டால் தட்டாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி நனைத்து வையுங்கள். பின்னால் பள்ளம் உள்ள சீட்டென்றால் கேசிங்கில் உள்ள ஊசி அந்தப் பள்ளத்துக்குள் போயிருக்க வேண்டும், ஊசியின் மேல் சீட் ஏறி நின்றால் இறுக்குகிறபோது வெடிக்கும். உட்கார்ந்த பிறகு வேர்னியரின் வால் முனையால் நாலு திசையிலும் ஆழத்தை அளங்கள், முகத்தைக் கீறிவிடாமல் ஓரத்தில். நாலும் ஒன்றாக வராவிட்டால் சீட் சரிந்து இருக்கிறது.

பிறகு சுற்றும் பாகம். எங்கள் பக்கத்துச் சின்னப் பம்புகளில் பெரும்பாலும் வருவது இறப்பர் பெல்லோஸ் (சுருங்கி விரிகிற இறப்பர் உறை) சீல், அதற்கும் அதே சவர்க்காரத் தண்ணீர். ஷாஃப்டையும் இறப்பரின் உள்பக்கத்தையும் நனைத்து, லேசாகத் திருகித் திருகி ஒரே மூச்சில் இடத்துக்குத் தள்ளுங்கள். நடுவில் நிறுத்தி போன் கதைக்கவோ பிளேன்டி குடிக்கவோ போகாதீர்கள், தண்ணீர் உலர்ந்தவுடன் இறப்பர் ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். கவ்வுவதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அது ஷாஃப்டோடு வழுக்காமல் சுற்ற வேண்டும், எண்ணெய் பூசினால் அந்தப் பிடிப்பே கெட்டுவிடும். கூம்பு மாதிரி ஒற்றை ஸ்பிரிங் உள்ள சீலென்றால் இடஞ்சுழி வலஞ்சுழி பாருங்கள், ஷாஃப்ட் சுற்றுகிறபோது ஸ்பிரிங் இறுக வேண்டும், மாறிப் பூட்டினால் அவிழ்ந்து வழுக்கும்.

ஸ்பிரிங் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள். சீலோடு வருகிற தாளில் வேலை நீளம் என்று ஓர் அளவு இருக்கும். மோட்டரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் இருக்கிற மொனோபுளொக் பம்புகளில் இம்பெல்லரே (தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்) ஸ்பிரிங்கை அமுக்கும், அங்கே சீட்டின் முகத்திலிருந்து இம்பெல்லரின் முதுகு வந்து நிற்கிற இடம் வரை அளந்து அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். முன்னர் யாராவது இம்பெல்லரை லேத்தில் கடைந்திருந்தால் இந்த அளவு மாறியிருக்கும். திருகாணியால் ஷாஃப்டில் இறுக்குகிற சீலென்றால் கணக்கு இப்படி: கேசிங்கின் முகம் ஷாஃப்டில் எங்கே வருகிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சீட்டின் முகம் அந்தக் கோட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, வேலை நீளம் 30 என்று வைத்துக்கொள்வோம், அப்போது காலரின் (திருகாணி பூட்டுகிற வளையத்தின்) பின் ஓரம் கோட்டிலிருந்து 34 மில்லிமீட்டர் உள்ளே வர வேண்டும். தகட்டுக்குக் கீழே வைக்கிற கேஸ்கட் பேக்கிங்கின் தடிப்பையும் கணக்கில் சேருங்கள், அதை மறந்தால் அந்தளவுக்கு ஸ்பிரிங் தளர்ந்துவிடும். குறைய அமுங்கினால் ஒழுகும், கூட அமுங்கினால் முகம் சூடாகித் தேயும்.

பெரிய பம்புகளுக்குக் கார்ட்ரிட்ஜ் சீல் வரும், எல்லாம் ஒரே உருளைக்குள் பூட்டி அளவும் வைத்து அனுப்புவார்கள். அதில் வரிசைதான் முக்கியம்: இம்பெல்லரின் இடைவெளியை முதலில் வைத்து முடியுங்கள், பிறகு தகட்டு நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள், பிறகு ஷாஃப்டுத் திருகாணிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தச் சின்னக் கிளிப்புகளைக் கழற்றுங்கள். கிளிப்பை முதலே கழற்றினால் வைத்து அனுப்பிய அளவு போய்விடும், கழற்ற மறந்து ஓட்டினால் சீலே போய்விடும். கழற்றிய கிளிப்பை வீசாமல் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை இம்பெல்லரைச் சரிசெய்ய அது வேண்டும்.

இம்பெல்லரைப் பூட்டி, கேசிங்கை எதிரெதிர் போல்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சற்று இறுக்கமாக, ஆனால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும், எங்காவது பிடித்தால் திறந்து பாருங்கள். பைப்பைப் பூட்டுகிறபோது பிளாஞ்ச் தானாக நேரே வந்து நிற்க வேண்டும். கடப்பாரையால் நெம்பிப் போல்ட் போட்டால் அந்த இழுவை முழுவதும் கேசிங்கில் ஏறி ஷாஃப்டைக் கோணலாக்கும். மோட்டரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் உள்ள பம்பென்றால் பைப் பூட்டிய பிறகு அலைன்மென்டை, அதாவது இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று, மறுபடி பாருங்கள்.

ஓட்ட முன்னம் கேசிங் நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும், காற்று போகிற அடைப்பைத் திறந்து தண்ணீர் குமிழியில்லாமல் வரும்வரை விடுங்கள். நிமிர்ந்து நிற்கிற பம்புகளில் காற்று போய்த் தங்குவது சரியாகச் சீல் இருக்கிற இடத்தில்தான், அங்கே காற்றுத் திருகு இருந்தால் கட்டாயம் திறவுங்கள். காய்ந்து சூடான செராமிக்கில் திடீரெனத் தண்ணீர் பட்டால் கண்ணாடி மாதிரி வெடிக்கும். மோட்டர் சுற்றுகிற திசையைக் கப்ளிங்கைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுதான் முறை, மொனோபுளொக்கென்றால் தண்ணீர் நிரப்பிவிட்டு ஒரு நொடி தட்டிப் பாருங்கள். மோட்டர் ரீவைண்டிங்குக்குப் போய் வந்திருந்தால் இதைத் தவற விடவே வேண்டாம், மாறிச் சுற்றினால் மூன்று வயரில் இரண்டை மாற்றினால் சரி.

வெளியேற்ற வால்வை முழுதாக மூடாமல் கொஞ்சம் திறந்து வைத்து ஓட்டுங்கள், பிறகு மெல்ல மெல்லத் திறவுங்கள். முதல் சில நிமிடம் இரண்டொரு சொட்டு வரலாம், முகங்கள் ஒன்றோடொன்று பழகுகிற நேரம் அது, பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். சொட்டு குறைந்துகொண்டு போனால் நல்லது, நூல் மாதிரி ஓடினால் நிறுத்துங்கள், கிளாண்ட் நட்டில் கை வைக்காதீர்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் முகத்துக்குத் தண்ணீர் போகவில்லை, அதற்கும் உடனே நிறுத்த வேண்டும்.

அந்தச் சம்மாந்துறை ஆலைக்குப் புது ஷாஃப்ட் கடைந்து போட்டு, 0.03 வருகிறதைப் பார்த்துவிட்டு நாலாவது சீலைப் பூட்டினேன். அது இரண்டு பெரும்போகம் ஓடியது. பம்பின் மேல் திகதியையும் டயல் காட்டிய அளவையும் பெயிண்டால் எழுதி வைத்திருந்தேன், இப்போது எல்லாப் பம்பிலும் எழுதுகிறேன், அடுத்ததாகத் திறக்கிறவர் நானாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மாரி வெள்ளத்துக்குள் மாதக் கணக்கில் சும்மா நின்ற பம்பை, வேளாண்மை வெட்டி நெல் வரத் தொடங்கியவுடன் நேரே சுவிட்சைப் போட்டு ஓட்டாதீர்கள். நிற்கிற காலத்தில் முகங்கள் ஒட்டிக்கொள்ளும், மோட்டர் திடீரென இழுக்கிறபோது கார்பன் பெயர்ந்து வரும் அல்லது பெல்லோஸ் கிழியும். கேசிங்கில் தண்ணீர் நிரப்பி, மோட்டரின் பின் காற்றாடியைப் பிடித்துக் கையால் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். உவர்த் தண்ணீர்ப் பம்பென்றால் நிறுத்துகிற அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வையுங்கள்.